குண்டு கை மாறினால்...

கேள்வி: சின்ன தோட்டா கம்பெனியைப் பெரிய கம்பெனி வாங்கினால் சுடுகிறவர்களுக்கு என்ன கவலை?

பதில்: சமையல்காரர் மாறினால் சாம்பார் மாறாதா என்ற கவலைதான்! வெடிமருந்து துளி மாறினாலும் குறி நகரும். அதிகம் விற்காத தோட்டா அளவுகளை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் வேறு.

ஓர் உதாரணம்: அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு தம்பதி நடத்திவந்த பார்ன்ஸ் கம்பெனி, ஈயமில்லாத செம்புக் குண்டுக்குப் பேர்போனது. 2010 வாக்கில் பெரிய துப்பாக்கி கம்பெனியான ரெமிங்டன் அதை வாங்கியது. சின்னதைப் பெரிது விழுங்கிவிடும் என்றுதானே நினைப்போம்? திவாலானது பெரியவர்! 2018-இல் ஒருமுறை, 2020-இல் மறுமுறை.

ரெமிங்டனின் சொத்துகள் விற்பனைக்கு வந்தபோது, சியெர்ரா குண்டுகளின் உரிமையாளரான கிளாரஸ், சுமார் 3 கோடி டாலருக்கு பார்ன்ஸை வாங்கியது. 2024-இல் இரண்டையும் சேர்த்து 17.5 கோடி டாலருக்கு விற்றுவிட்டது. செம்புக் குண்டு இன்றும் கடையில் கிடைக்கிறது.