மொய் நோட்டும் வைத்தியச் செலவும்

கேள்வி: சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறேன். ஊர் பேராவூரணிப் பக்கம். அத்தானுக்கு இருதய ஆபரேஷனுக்கு மூன்று லட்சம் அனுப்பச் சொல்கிறார்கள். நான் யாரிடம் போய்க் கையேந்துவது?

பதில்: அக்கரையில் இருப்பவன் வீட்டில் பணம் காய்க்கும் மரம் ஒன்று வளர்வதாக இக்கரை பந்துக்கள் கொண்டிருக்கும் திடமான நம்பிக்கையை மாற்றப் பிரம்மதேவனாலும் ஆகாது; ஆகையால் வாதம் செய்து காலஹரணம் பண்ணாமல், முதற்காரியமாக, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வீட்டுப் பீரோவில் இருக்கிறதா என்று அக்காளைத் தேடச் சொல்லுங்கள். வருமான வரம்புக்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் இடமுண்டு; இருதய சிகிச்சையும் அடக்கம்.

அதற்கு மேலும் குறைந்தால் மொய் நோட்டைத் திறவுங்கள். விசேஷம் எதுவுமே இல்லாமல், ஆடி மாதத்தில் ஆட்டுக்கறி விருந்து வைத்தே லட்சக்கணக்கில் மொய் வசூலிக்கும் சீமையில் பிறந்த தாங்கள், இத்தனை வருஷமாக ஊராருக்குச் செய்த மொய்யை ஒரு பிராணனைக் காக்கத் திருப்பிக் கேட்பதில் லஜ்ஜைப்பட என்ன இருக்கிறது?

2023 முதல் சிங்கப்பூரின் பேநவ்வும் நம்முடைய யுபிஐயும் கைகோத்திருப்பதால் பணம் நிமிஷத்தில் போய்ச் சேரும். ஆனால் ஆஸ்பத்திரிப் பாக்கியை ஆஸ்பத்திரிக் கணக்கிலேயே கட்டி ரசீது வாங்கச் சொல்லுங்கள். இடையில் ஒரு சித்தப்பாவின் கைக்குப் போனால் அது டிராக்டர் தவணையாக அவதாரம் எடுத்துவிடக்கூடும். அத்தான் பூரண குணமடைந்ததும், சந்தேகமின்றி, ஒரு விருந்து வைப்பார். அதற்கும் முதல் மொய் தங்களுடையதுதான்.