ஒரே தொழுவம், மூணு கணக்கு

ஏலே பேராண்டி, வாத்தியார் வேல கெடச்சா மூஞ்சி தெளியும்னு பாத்தா, இப்பிடி வத்திப் போயி நிக்கே? ஒம்பதாங்கிளாஸ்ல ஒருத்தன் புஸ்தகத்தத் தாண்டி ஓடுதான், இன்னொருத்தனுக்குக் கடன் வாங்கிக் கழிக்கவே வரலயாக்கும்? எட்டு வரைக்கும் யாரையும் நிறுத்தக் கூடாதுன்னு 2009ல ஒரு சட்டம் வந்துச்சு. நல்ல சட்டந்தான். பெயிலாக்கி வச்சா பய ஆடு மேய்க்கப் போயிருவான். ஆனா பயல ஏத்திவிட்டவுக, கழித்தலையும் கூடவே ஏத்திவிட்டாகளா?

ஒனக்குப் பயிற்சி வேற நடந்துச்சாம்ல. டீயும் பிஸ்கட்டும் குடுத்து, "ஒவ்வொரு பிள்ளைக்கும் அவன் நெலைக்குத் தக்கன நடத்தணும்"னு சொன்னாகளாம். அதச் சொல்ல, வந்திருந்த அத்தன வாத்தியாருக்கும் ஒரே படத்தத்தான போட்டுக் காட்டுனாக?

எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில தரகனுக்கே கணக்குச் சொல்லுத பய, மீசை மொளச்ச பய, ஒன் பதிவேட்டுல 'மெல்ல மலரும் மாணவன்'. எப்பலே மலருவான்? பேரன் பேத்தி எடுத்த பொறகா?

பிள்ளைக நெலைக்குத் தக்கன மூணு கலர்ல அட்ட குடுக்கப் போறியாக்கும். மஞ்ச அட்ட யாருக்குன்னு சத்துணவு மணி அடிக்கதுக்குள்ள பள்ளிக்கூடமே சொல்லுமே!

அதுக்குப் பதிலா, பலகையில ஒரு ஆட்டுத் தொழுவத்தப் போடு. நீளம் 12 மீட்டர், அகலம் 8. சுத்தி வேலிக்கு எம்புட்டுக் கம்பி? கூட்டத் தெரிஞ்சவன் 40ன்னுருவான். பரப்பு? 96ன்னு அடுத்தவன் சொல்லுவான். இப்ப நீளத்துலயும் அகலத்துலயும் எக்ஸ் மீட்டர் கூட்டுன்னு நைசாச் சொல்லு. எக்ஸ் வர்க்கம், 20 எக்ஸ், 96. ஒன் பல்லுறுப்புக்கோவை வந்துட்டுல்லா? அத வரைஞ்சா புதுசா மூணு துண்டு விழும்லா, கம்பி சொன்னவனும் எட்டிப் பாத்து அதுல ஒண்ணுக்குக் கணக்குச் சொல்லிருவான்.

கெட்டிக்காரன விட்டே மத்தவனுக்குச் சொல்லிக்குடுக்கவான்னு கேப்ப. அது பழைய சட்டாம்பிள்ள வேலலே. எழும்பூர் அனாதை விடுதிப் பிள்ளைகளுக்கு 1789ல பொறுப்பேத்த ஆண்ட்ரூ பெல்லுன்னு ஒரு பாதிரி, இங்க பிள்ளைக மணல்ல எழுதுறதப் பாத்தாரு. பிள்ளைக்குப் பிள்ளையே சொல்லிக்குடுக்க வச்சு, 1797ல சீமையில புஸ்தகம் போட்டாரு. 'மெட்ராஸ் முறை'ன்னு அங்க ஒரே பேச்சு. வாத்தியார் சம்பளம் மிச்சமுல்லா! நீ அத அளவா வச்சுக்க. கால் மணி நேரம் சொல்லட்டும், அவனுக்கும் தெளியும். நாள் பூரா விட்டா, அவனுக்கு யாரு சொல்லிக்குடுக்க?

பாடம் நடத்துனதப் போட்டோ எடுத்து ஆப்புல ஏத்தணுமா? ஏத்திக்க, வேல போயிரக் கூடாது. ஏத்திட்டு, கடைசி பெஞ்சுக்காரன் நோட்டத் தொறந்து பாரு. கடன் வாங்க மறந்தானா, இல்ல கேள்வியவே வாசிக்கத் தெரியாம முழிச்சானா? வாசிக்கத் தெரியலன்னா, கணக்கு வாத்தியாரே, நாளைக்கு நீ தமிழ்தான் நடத்தணும்.