கல்யாணம் ஆனால்தான் வீடு, வீடு இருந்தால்தான் கல்யாணம்

தில்லியில் வாடகை வீடு தேடும் ஒரு நிச்சயமான ஜோடியை வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். பெயர், வயது, விலாசம் மூன்றையும் சுவரில் ஒட்டும் வேலையை அரசாங்கமே பின்னால் பார்த்துக்கொள்ளும். பையன் நாகர்கோவில் பக்கம், இந்து. பெண் தூத்துக்குடி, கிறிஸ்தவக் குடும்பம். இரண்டு வீட்டாரும் முறைத்துக்கொண்டு, அழுது, பிறகு யாரோ ஒரு தாய்மாமன் நடுவில் புகுந்து சமாதானமாகி, தட்டும் மாற்றியாயிற்று, மோதிரமும் மாற்றியாயிற்று. அவனுக்குக் குருகிராமில் வேலை, அவளுக்குக் கன்னாட் பிளேஸில். மெட்ரோவின் மஞ்சள் தடம் இரண்டையும் இணைக்கிறது. நடுவில் மாளவியா நகர் பக்கம் ஒரு சின்ன வீடு கிடைத்தால் இரண்டு பி.ஜி. விடுதிகளுக்கு அழும் பணத்தில் ஒரு குடித்தனம் நடத்தலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். கணக்கு சரிதான். ஊர்தான் தப்பு.

புரோக்கர் முதலில் கேட்பது வாடகை எவ்வளவு தருவீர்கள் என்பதை அல்ல. "ஷாதி ஹோ கயீ?", அதாவது கல்யாணம் ஆயிற்றா. நிச்சயம் முடிந்துவிட்டது என்று சொன்னால் அவர் முகத்தில் ஒரு இரக்கம் படரும், பிளஸ் டூவில் ஒரு பாடத்தில் கோட்டைவிட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல. இத்தனைக்கும் இது நிச்சயதார்த்தத்துக்குப் பேர்போன ஊர். ரோக்கா என்று ஒரு வைபவம் இங்கே உண்டு. பையனும் பெண்ணும் இனி வேறு இடம் பார்ப்பதில்லை என்று இரு வீட்டாரும் கைகொடுத்துக்கொள்வது. வசதியுள்ளவர்கள் அதற்குச் சத்தர்பூர் பண்ணை வீடுகளில் பந்தல் போட்டு, டி.ஜே. வைத்து, சில குடும்பங்களின் ஓராண்டு வருமானத்தை ஒரு ராத்திரியில் கொளுத்துவார்கள். அதே ரோக்காவை நம்பி அந்த ஜோடிக்கு மாடியில் ஒரு ரூம் விடச் சொல்லிப் பாருங்கள். ஐந்நூறு பேருக்குச் சோறு போட ஆதாரமாக இருந்த உறவு, ஒரு கேஸ் சிலிண்டர் வைக்க ஆதாரமாகாது.

வீட்டுக்கார அம்மாள் நல்லவர்தான். மட்ராசிகள் வாடகையைத் தேதி தப்பாமல் கொடுப்பார்கள், சத்தம் போட மாட்டார்கள் என்று நம் இனத்துக்கே நற்சான்று தருவார். "பேட்டா, எனக்கு ஆட்சேபனையே இல்லை. ஆர்.டபிள்யூ.ஏ.தான் ஒத்துக்காது." ஆர்.டபிள்யூ.ஏ. என்கிற குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரிடம் போனால் அவருக்கும் ஆட்சேபனை இல்லை. போலீஸ் வெரிஃபிகேஷனில் சிக்கல் வரும் என்கிறார். போலீஸ் படிவத்திலோ கல்யாணம் ஆகாதவர்க்கு வீடு விடக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆக, தில்லி மாநகரில் யாருக்குமே ஆட்சேபனை இல்லை. வீடுதான் இல்லை. இதுவே பையன் பெயர் முஸ்லிம் பெயராக இருந்தால் இவ்வளவு சுற்றலும் இராது. பெயரைக் கேட்டதுமே அந்த வீடு போன வாரமே போய்விட்டதாகத் தெரியவரும்.

இந்த ஒழுக்கக் காவலர்களின் சொந்த ஒழுக்கத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்குத்தான் போடுவார்கள். ஏன் 12 இல்லை? ஓராண்டைத் தாண்டிய குத்தகையை 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். கட்டணம் கட்ட வேண்டும், கணக்கில் வர வேண்டும். அந்தத் தொல்லைக்காக வருஷத்தில் ஒரு மாதத்தையே கத்தரித்து எறிந்துவிட்டார்கள். அட்வான்ஸுக்கு ரசீது கேட்டால் "நம்பிக்கை இல்லையா பேட்டா?" என்பார்கள். நம்பிக்கை ஒருவழிப் பாதை. எதிர்த்திசையில் கல்யாணச் சான்றிதழ் போக வேண்டும்.

வீடு கிடைக்கிறவரை ஓட்டலில் தங்கலாமே என்று தோன்றும். இளம் ஜோடிகளின் தயவில் வளர்ந்த நிறுவனம் என்று ஊரே கேலி பேசும் ஓயோ, 2025 ஜனவரியில் மீரட்டில் ஒரு புது விதியைக் கொண்டுவந்தது: ஜோடிகள் எல்லோரும் உறவுக்குச் சான்று காட்ட வேண்டும், கல்யாணம் ஆகாதவர்களுக்கு இடமில்லை. ஒரு ஜோடியைத் திருப்பி அனுப்புவதா வேண்டாமா என்பதை ஓட்டல்காரர்கள் தங்கள் விவேகப்படி பார்த்துக்கொள்வார்களாம். வரவேற்பு மேசையில் சாவி எடுத்துக் கொடுப்பவருக்குக் குடும்ப நீதிமன்ற நீதிபதி பதவி. மீரட் தில்லிக்குப் பக்கம் என்று கோயம்புத்தூர்க்காரர்கள் சிரிக்க வேண்டாம். கோயம்புத்தூரிலேயே 2019-ல் கல்யாணம் ஆகாத ஜோடி ஓர் அறையில் இருந்தது என்பதையும் ஒரு குற்றமாக எழுதி, ஒரு தங்குமிடத்துக்கே அதிகாரிகள் சீல் வைத்தார்கள். கல்யாணம் ஆகாத இருவர் ஓர் அறையில் தங்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லையே என்று நீதிபதி எம்.எஸ். ரமேஷ் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. இல்லாத சட்டத்தை இல்லை என்று சொல்ல ஓர் உயர் நீதிமன்றம்.

சரி, சனியன் தொலைகிறது, முதலில் கல்யாணத்தைப் பதிவு செய்துவிடுவோம் என்று ஜோடி முடிவெடுக்கிறது. நம் கதை இங்கேதான் சூடு பிடிக்கிறது. இவன் இந்து, அவள் கிறிஸ்தவர்; மதம் மாறாமல் கல்யாணம் செய்ய வழக்கமான வழி 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம். அதன் 5-ஆம் பிரிவு சொல்கிறது: இருவரில் ஒருவராவது நோட்டீஸ் கொடுப்பதற்கு முன் அந்த மாவட்டத்தில் குறைந்தது 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். குடியிருந்ததற்கு அத்தாட்சி? வாடகை ஒப்பந்தம் கொண்டு வா. ஒப்பந்தம் எழுத வீட்டுக்காரர் கேட்பது? கல்யாணச் சான்றிதழ். பி.ஜி. விலாசத்தைக் காட்டலாமே என்றால், பி.ஜி. நடத்துகிறவர் எழுத்தில் எதுவும் தர மாட்டார். தந்தால் அவருக்கு வருமானம் இருப்பது வருமான வரித்துறைக்குத் தெரிந்துவிடும்.

எப்படியோ ஒரு விலாசத்தைப் பிடித்து நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 6-ஆம் பிரிவுப்படி அது ஒரு பதிவேட்டில் ஏறும். அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் பார்க்கலாம். இந்தியாவில் காசு கேட்காமல் காட்டப்படும் அரசு ஆவணங்கள் எத்தனை? அந்தச் சிறு பட்டியலில் உங்கள் காதல் இருக்கிறது. ஒரு பிரதி அலுவலகத்தில் கண்ணில் படும்படி ஒட்டப்படும். தில்லிக்கு வந்துவிட்டோம், ஊர்க்காரர் கண்ணில் படாது என்று நினைத்தால் அதற்கும் சட்டத்தில் ஏற்பாடு உண்டு: நிரந்தர விலாசம் வேறு மாவட்டம் என்றால் நோட்டீஸின் பிரதி அந்த மாவட்டத்துக்கும் போய் அங்கேயும் ஒட்டப்பட வேண்டும். ஒன்று கன்னியாகுமரிக்கு, ஒன்று தூத்துக்குடிக்கு. கல்யாணப் பத்திரிகையைக்கூட இவ்வளவு ஒழுங்காக யாரும் அனுப்புவதில்லை. பிறகு 30 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் எந்த ஒரு நபரும் ஆட்சேபனை எழுதிக் கொடுக்கலாம். அப்பா அம்மாவாக இருக்க வேண்டியதில்லை. தெரிந்தவராகக்கூட இருக்க வேண்டியதில்லை. பெற்றவர்களே சம்மதித்துத் தட்டு மாற்றிய கல்யாணத்துக்கு, பக்கத்து ஜன்னலில் சாதிச் சான்றிதழ் வாங்க வந்தவர் பொழுது போகாமல் ஆட்சேபிக்கலாம்.

1872-ல் வெள்ளைக்காரன் இதே மாதிரி ஒரு சட்டம் போட்டபோது 14 நாள் நோட்டீஸ் வைத்தான். கூடவே, நாங்கள் இந்துவும் இல்லை, முஸ்லிமும் இல்லை, கிறிஸ்தவரும் இல்லை என்று மணமக்கள் எழுதிக் கொடுக்கவும் வேண்டியிருந்தது. சுதந்திரம் வந்தது. அந்த அவமானத்தை எடுத்துவிட்டு, 14 நாளை 30 ஆக்கினோம். இன்னொரு சலுகையும் 19-ஆம் பிரிவில் இருக்கிறது: கூட்டுக் குடும்பத்து இந்து ஒருவர் இந்தச் சட்டத்தில் மாற்று மதத்தவரை மணந்தால் அந்தக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதப்படுவார். மாமியார் மருமகளைக் கட்டி அணைத்து ஆரத்தி எடுத்தாலும், தனிக்குடித்தனம் வைக்கும் பொறுப்பைப் பாராளுமன்றம் ஏற்றுக்கொண்டுவிட்டது. அந்தத் தனிக்குடித்தனத்துக்கு ஒரு வீடு மட்டும் பார்த்துத் தராது.

நீதிமன்றங்கள் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்புவது, போலீஸை விட்டு விசாரிப்பது இதெல்லாம் சட்டத்திலேயே இல்லாதது என்று 2009-ல் தில்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ். ரவீந்திர பட் கண்டித்தார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். மணமக்கள் கேட்டால் மட்டும் நோட்டீஸை வெளியிட்டால் போதும் என்று 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னது. தீர்ப்புகள் அருமையானவை, சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கின்றன. மாவட்ட அலுவலகத்துக் குமாஸ்தா சட்டக் கல்லூரிக்குப் போகவில்லை. அவரிடம் பசைப் புட்டி இருக்கிறது.

அந்த நோட்டீஸ் என்ன செய்யும் என்பதைக் கேரளம் காட்டியது. பதிவுத் துறை இணையத்தில் ஏற்றிய நோட்டீஸ்களைப் படத்தோடும் விலாசத்தோடும் எடுத்து, 'லவ் ஜிகாத்' பட்டியல் என்று சமூக ஊடகங்களில் சுற்றவிட்டார்கள். 2020 ஜூலையில் அந்த மாநில அரசு இணைய வெளியீட்டை நிறுத்தியது. பட்டியல் தயாரிக்கும் சிரமம் கும்பலுக்கு இல்லை; அரசாங்கமே தட்டச்சு செய்து கொடுத்திருந்தது. உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச்சில் பட்டப்பகலில், பேருந்து நிலையத்தருகே, சாதி மாறி மணந்த ஒரு புது மாப்பிள்ளையை வெட்டிக் கொன்றவர்களுக்கு எந்த நோட்டீஸும் தேவைப்படவில்லைதான். ஆனால் தேவைப்படுகிற கொலைகாரன் ஒருவன் இருந்தால், அவனுக்கு 30 நாள் அவகாசமும் சரியான விலாசமும் இலவசம். கையில் அரிவாளோடு வருகிறவனையும் இந்தச் சட்டம் 'ஆட்சேபனை உள்ளவர்' என்றுதான் பதிவு செய்துகொள்ளும்.

2022-ல் மெஹ்ரோலி காட்டில், சேர்ந்து வாழ்ந்தவன் கொன்ற ஒரு பெண்ணின் உடல் துண்டுகளைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்த வாரத்தில், மத்திய இணை அமைச்சர் கௌஷல் கிஷோர் நாட்டுக்கு ஒரு யோசனை சொன்னார். படித்த பெண்கள்தான் பெற்றோரை விட்டு இப்படிப் போய் மாட்டிக்கொள்கிறார்களாம். சேர்ந்து வாழ வேண்டுமென்றால் முறையாகக் கோர்ட் கல்யாணம் செய்துகொள்ள வேண்டியதுதானே என்றார். கொன்றவனைவிடச் செத்தவள்மேல் அமைச்சருக்கு அதிகக் கோபம். அவர் சொன்ன அந்தக் கோர்ட் கல்யாணத்துக்கு எத்தனை வாசல், ஒவ்வொரு வாசலிலும் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று அவருடைய அரசாங்கத்தையே கேட்டிருக்கலாம்.

நம் ஊர் மட்டும் யோக்கியமா? கல்யாணத்துக்கு முந்தைய உறவு பற்றி 2005-ல் நடிகை குஷ்பு ஒரு பத்திரிகையில் நாலு வரி கருத்துச் சொன்னதற்கு, தமிழ்ப் பண்பாடு துடைப்பத்தோடும் செருப்போடும் தெருவுக்கு வந்தது. இருபதுக்கு மேற்பட்ட வழக்குகள். 2010-ல் உச்ச நீதிமன்றம் அத்தனையையும் தள்ளுபடி செய்து, வயது வந்த இருவர் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்றது. அதே தமிழ்நாடுதான் புரோகிதரும் அக்கினியும் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்கு, அண்ணா முதல்வராக இருந்தபோது, இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்துச் சட்ட அந்தஸ்து கொடுத்தது. மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும். அழகான சட்டம். இரண்டு பேரும் இந்துவாக இருக்க வேண்டும், அது தில்லி வரை வராது என்பதால் நம் ஜோடிக்கு இரண்டு வகையிலும் உதவாது.

கடைசியில் ஜோடி என்ன செய்யும்? இந்த ஊரில் அனுபவப்பட்டவர்கள் செய்வதைத்தான். சரோஜினி நகர் சந்தையில் ஒரு குங்குமச் சிமிழ், ஒரு கறுப்புமணிச் சங்கிலி. வகிட்டில் ஒரு தீற்று. வீட்டுக்கார அம்மாள் பார்த்ததும் குளிர்ந்து போய், டீ போட்டுக் கொடுத்து, எப்போது குழந்தை என்று விசாரித்து, சாவியை எடுத்து நீட்டுவார். உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் நகலைக் காட்டியபோது திறக்காத கதவு அது. பொய்க் குங்குமத்துக்குத் திறக்கிறது. நேர்மையாக நிச்சயம் ஆகியிருக்கிறது என்று சொன்னவர்களைத் துரத்தி, பொய் சொன்னவர்களைக் குடிவைத்துவிட்டு, அந்தத் தெருவுக்கு மானமுள்ள குடும்பங்கள் வசிக்கும் காலனி என்று பெயர்.

இந்தப் பித்தலாட்டத்துக்கு முடிவு கட்டத்தான் உத்தராகண்ட் கிளம்பியிருக்கிறது. தில்லி ஜோடிகள் சனி ஞாயிறில் முசூரிக்கு ஓடும் அதே மாநிலம். 2025 ஜனவரி 27 முதல் அங்கே பொது சிவில் சட்டம். கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்வதைப் பதிவு செய்ய வேண்டும். ஒரு மாதத்துக்குள் செய்யாவிட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம். பதிவுச் சான்றைக் கேட்டு வாங்காமல் வீடு விட்டால் வீட்டுக்காரருக்கு 20,000 வரை தண்டம் என்று விதிகளில் எழுதினார்கள். தில்லி வீட்டுக்கார அம்மாள் இதுவரை சம்பளமில்லாமல் செய்துவந்த காவல் வேலை, மலைமேல் சட்டக் கடமையாகிவிட்டது.

சேர்ந்து வாழ்ந்தால் பத்தாயிரம், வாழ இடம் கொடுத்தால் இருபதாயிரம். கல்யாணத்தைக் கெடுக்க வேண்டுமென்றே பொய் ஆட்சேபனை போடுகிறவனுக்கு? சிறப்புத் திருமணச் சட்டத்தின் 9-ஆம் பிரிவில் அதற்கும் தொகை குறித்திருக்கிறார்கள். நல்லெண்ணம் இல்லாத, நியாயம் இல்லாத ஆட்சேபனை என்று அதிகாரிக்குப் பட்டால், அவர் விரும்பினால், அதிகபட்சம் ஆயிரம் ரூபாய் வரை வசூலிக்கலாம். 1954-ல் எழுதியது, இன்றும் அதேதான். நான்கு பேர் சேர்ந்து பங்கு போட்டால் ஆளுக்கு 250.