‘ப’ வடிவப் பள்ளத்தாக்கின் விண்ணப்பம்

அனுப்புநர்: கம்பம் பள்ளத்தாக்கு, தேனி மாவட்டம்.

பெறுநர்: பள்ளிக் கல்வித் துறை, பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம், கல்லூரிச் சாலை, சென்னை.

பொருள்: 2025–26 கல்வியாண்டு – உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் புதுப் பருவச் செய்திகளும் செயல்பாடுகளும் – அறிக்கை அளித்தல் – தொடர்பாக.

பார்வை: துறையின் சுற்றறிக்கைகள், நாளது தேதி வரை வந்தவை அனைத்தும்.

சுற்றறிக்கை என்பது தலைமை அலுவலகத்தில் ஒரே முறை எழுதப்பட்டு, முதன்மைக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர் ஆகியோர் வழியாகத் தலைமையாசிரியரின் மேசைக்கு இறங்கி வந்து, எல்லா ஆசிரியர்களின் கையொப்பத்தையும் வாங்கிக்கொண்டு, ‘செயல்படுத்தப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல்லாக மீண்டும் மேலே ஏறிச் செல்லும் அரசு எழுத்து வகையாகும். இறங்கும் வழியிலும் ஏறும் வழியிலும் அதன் வாசகம் மாறுவதில்லை என்பதால், இடையில் பள்ளிக்கூடம் என்ற ஒன்று இருந்ததற்கான தடயம் அதில் பெரும்பாலும் எஞ்சுவதில்லை. இந்த அறிக்கை அந்தத் தடயத்தைப் பதிவு செய்யும் பொருட்டுப் பணிவுடன் அனுப்பப்படுகிறது.

முதற்கண், நல்ல செய்திகள். 2025 ஜூன் 2 அன்று பள்ளிகள் திறந்தன. பாடநூல், குறிப்பேடு, சீருடை, புத்தகப்பை, காலணி, வரைபட ஏடு என்று விலையில்லாப் பொருள்களின் பட்டியல் நீண்டுகொண்டே போவதையும், பதினொன்றாம் வகுப்பின் பொதுத்தேர்வு இந்தக் கல்வியாண்டு முதல் நீக்கப்பட்டதையும் பள்ளத்தாக்கு நன்றியுடன் ஒப்புக்கொள்கிறது. இவற்றில் பகடிக்கு இடமில்லை. கூலிக்குப் போகும் வீட்டில் ஒரு ஜோடி செருப்பு எவ்வளவு பெரிய செய்தி என்பது இங்கு எல்லோருக்கும் தெரியும்.

அடுத்து, 2025 ஜூலையில் வந்த ‘ப’ வடிவ இருக்கை பற்றிய அறிவுறுத்தல். வகுப்பறையின் பெஞ்சுகளை வரிசை வரிசையாகப் போடாமல் மூன்று சுவர்களை ஒட்டிப் போட்டு, திறந்த பக்கத்தில் ஆசிரியர் நின்று பாடம் நடத்தினால், கடைசி பெஞ்ச் என்ற ஒன்றே இல்லாமற்போகும் என்பது இதன் தத்துவமாகும். ‘ஸ்தானார்த்தி ஸ்ரீக்குட்டன்’ என்ற மலையாளத் திரைப்படத்தால் கேரளத்தில் பேசுபொருளான இந்த யோசனை தமிழ்நாட்டுக்கு வந்தபோது, ஐம்பது அறுபது பிள்ளைகள் உள்ள அறையில் மூன்று சுவர்கள் போதுமா, நாள் முழுதும் பக்கவாட்டில் திரும்பிப் பார்க்கும் கழுத்து என்னாகும் என்றெல்லாம் கேள்விகள் எழுந்தன. பள்ளத்தாக்குக்கு இந்த ஐயங்கள் எவையும் இல்லை, ஏனெனில் அது நெடுங்காலமாகவே அவ்வடிவில்தான் அமர்ந்திருக்கிறது. வரைபட ஏட்டைத் திறந்தால் மேற்கே ஏலமலை, தெற்கே குமுளி மலை, கிழக்கே மேகமலை என மூன்று பக்கமும் அடைபட்டு, வடக்கே தேனியை நோக்கி மட்டும் திறந்திருக்கும் ‘ப’ எழுத்தை எவரும் காணலாம். திறந்த பக்கத்தில், ஆசிரியர் நிற்க வேண்டிய திசையில், ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவில் சென்னை நிற்கிறது. அப்படி இருந்தும் பள்ளத்தாக்கு கடைசி பெஞ்சாகவே நீடிப்பது, பிள்ளைகளை எப்படி உட்காரவைப்பது என்பதைவிட ஆசிரியர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பதே முக்கியம் என்னும் முடிவுக்கு ஆய்வாளரை இட்டுச் செல்கிறது.

பள்ளி திறக்கும் நாள் பற்றியும் சில சொல்ல வேண்டியுள்ளது. 2023இல் ஜூன் 1 என்றிருந்த திறப்பு நாள் 7க்கும், பின்னர் உயர் வகுப்புகளுக்கு 12க்கும் தள்ளிப்போனது. 2024இல் ஜூன் 6 என்பது 10 ஆனது. இரண்டு ஆண்டுகளிலும் காரணம் வெயில். சென்னையும் வேலூரும் வெந்துகொண்டிருக்கும்போது மாநிலம் முழுவதும் வெந்துகொண்டிருப்பதாகக் கொள்வதில் நிர்வாக வசதி உண்டு. ஆனால் ஜூன் என்பது கம்பம் பள்ளத்தாக்கில் தென்மேற்குப் பருவக்காற்று குமுளிக் கணவாய் வழியாக இறங்கும் மாதம். லோயர் கேம்ப்பிலும் கூடலூரிலும் சாரல் தட்டும். கயிற்றில் காயும் சீருடை பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்ச் சேரும். வெயிலுக்குப் பயந்து வீட்டில் இருக்கச் சொல்லப்படும் பிள்ளை, அந்த விடுமுறையை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கழிக்கும் நிலைமை இங்கு உண்டாகக்கூடும் என்பதைத் துறை குறித்துக்கொள்ளலாம்.

இந்த மண்ணுக்கென்று ஒரு ஜூன் 1 உண்டு என்பதும் கவனிக்கத்தக்கது. கர்னல் பென்னிகுயிக் கட்டி 1895இல் பயன்பாட்டுக்கு வந்த முல்லைப் பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திருப்பப்பட்டு, பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்களுக்கு முதல் போகத்துக்காகத் திறந்துவிடப்படும் நாள் வழக்கமாக அதுவே. அணையின் நீர்மட்டத்தைப் பார்த்து மதகைத் திறப்பது நீர்வளத் துறையின் மரபு. பள்ளியின் கதவை மட்டும் வேறோர் ஊரின் வெப்பமானியைப் பார்த்துத் திறப்பது கல்வித் துறையின் மரபாக இருக்கிறது.

நீர் பற்றிய பேச்சு ‘வாட்டர் பெல்’ திட்டத்தை நினைவூட்டுகிறது. பிள்ளைகள் தண்ணீர் குடிக்க மறந்துவிடாமலிருக்க வகுப்பு நேரத்தின் நடுவே அடிக்கப்படும் சிறப்பு மணியே வாட்டர் பெல் எனப்படும். கேரளப் பள்ளிகளில் 2019இலேயே ஒலித்த இந்த மணி இப்போது தமிழ்நாட்டிலும் ஒலிக்கிறது. நோக்கம் நல்லது, மருத்துவர்கள் மெச்சுவது. இருப்பினும் தண்ணீர் குடிப்பதற்கு மணி ஒதுக்கிய துறை, குடித்த தண்ணீர் அரை மணி நேரத்தில் கோரும் உரிமைக்கு மணி ஒதுக்கவில்லை. மூன்றாம் பீரியடில் உயரும் சுண்டுவிரலை ஆசிரியர் தம் சொந்தப் பொறுப்பில் கையாள வேண்டியிருக்கிறது. இன்னொரு நுட்பமும் உண்டு. பெரியாற்று நீர், வாட்டர் பெல், ‘ப’ வடிவ பெஞ்ச் ஆகிய மூன்றுமே பள்ளத்தாக்குக்கு மேற்கு மலைக்கு அப்பாலிருந்து வந்தவை. லோயர் கேம்ப்பிலிருந்து மலையேறினால் கேரளத்துக் குமுளி வந்துவிடும் என்னும்போது, பின்னவை இரண்டும் சென்னை வரை சென்று சுற்றறிக்கையாக மாறித் திரும்பி வந்திருப்பதில் பயணப்படிக் கணக்கு மட்டுமே புரியாததாக உள்ளது.

‘மகிழ் முற்றம்’ திட்டத்தைப் பொறுத்தவரை பள்ளத்தாக்கின் மதிப்பீடு முற்றிலும் வேறு. அரசுப் பள்ளி மாணவர்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து அணிகளாகப் பிரித்து, விளையாட்டு, கலை, தலைமைப் பண்பு ஆகியவற்றில் புள்ளிகள் வழங்கும் இந்த முறை 2024இல் அறிமுகமானது. சங்க இலக்கிய மரபில் இவை நிலத்தையும் அதற்குரிய வாழ்க்கையையும் சேர்த்துக் குறிக்கும் திணைப் பெயர்கள்: குறிஞ்சி மலையும் மலை சார்ந்த இடமும், முல்லை காடு, மருதம் வயல், நெய்தல் கடற்கரை, மழை பொய்த்து முல்லையும் குறிஞ்சியும் திரிந்தால் அது பாலை. துறையின் திட்டங்களிலேயே பள்ளத்தாக்குக்கென்று அளவெடுத்துத் தைத்ததுபோல் அமைந்தது இது ஒன்றுதான். போடிமெட்டில் குறிஞ்சியையும், மேகமலைக் காட்டில் முல்லையையும், சின்னமனூர் வயலில் மருதத்தையும், மழை தவறிய ஆண்டுகளின் ஆண்டிபட்டி மேட்டில் பாலையையும் ஒரே மாவட்டத்தின் பேருந்துகளில் ஏறிப் பார்த்துவிடலாம். ஆசிரியர் பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்ல அனுமதி கிடைத்தால் தமிழ்ப் பாடம் பாதி முடிந்துவிடும். எஞ்சிய நெய்தல் அணிக்குத்தான் சிக்கல். கடலையே பார்த்திராத பிள்ளைகள் கடற்கரையின் பெயரில் கபடி ஆடுகிறார்கள். ஆயினும் வேறெந்த அணியையும்விட ஆர்வம் அவர்களுக்கே மிகுதியாக இருக்க வாய்ப்புண்டு; பார்க்காத கடல் பெரியது.

எமிஸ் பற்றிச் சுருக்கமாகச் சொன்னாலே போதும். கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை என்பதன் சுருக்கமான இது, மாணவரின் வருகை, உயரம், எடை, பெற்ற பொருள், பெறாத பொருள் அனைத்தையும் ஆசிரியர் கைப்பேசியில் ஏற்றும் ஏற்பாடாகும். மலைக்கிராமங்களில் டவர் கிடைக்கும் பாறை எது என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். அந்தப் பாறைக்கு எமிஸில் இன்னும் இடம் ஒதுக்கப்படவில்லை.

மிதிவண்டிக்கு வருவோம். பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு வழங்கப்படும் விலையில்லா மிதிவண்டி, பெண்பிள்ளைகளை மேல்நிலைக் கல்வியில் தக்கவைத்த நல்ல திட்டங்களுள் ஒன்று. அம்மி பறக்கும் ஆடிக்காற்றில் மிதிவண்டி நகராது என்பதை மட்டும் பள்ளத்தாக்கு சேர்த்துச் சொல்ல விரும்புகிறது. தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீளும் இந்த நிலத்தில், காலையில் கம்பம் திசையில் மிதிக்கும் பிள்ளை எதிர்காற்றில் எழுந்து நின்று மிதிக்க வேண்டும். மாலையில் அதே காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விடும். தாமத வருகைப் பதிவேட்டில் ‘காற்று’ என்ற காரணத்தை ஏற்கும் ஆணை எதுவும் இதுவரை வரவில்லை.

இனி, இந்த விண்ணப்பம் எழுதப்பட்டதற்கான காரணம். பள்ளி மேலாண்மைக் குழு என்பது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வகுத்த அமைப்பு. அதன் உறுப்பினர்களில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் தலைமைப் பொறுப்பும் ஒரு தாய்க்கே தரப்படுகிறது. நாட்டின் கல்விச் சட்டங்களில் கூலித் தொழிலாளியான ஒரு பெண்ணைத் தலைமையாசிரியருக்கு எதிரே நாற்காலி போட்டு அமர்த்திய பகுதி இது ஒன்றே என்றால் மிகையாகாது. அந்த நாற்காலிக்கு உரிய நேரமாக வகுக்கப்பட்டிருப்பது வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணி முதல் 4.30 மணி வரை.

அந்த நேரத்தில் அந்தத் தாய் இருக்குமிடம் வேறு. கூடலூர், கம்பம், கோம்பை, தேவாரம், போடி ஆகிய ஊர்களின் தெருமுனைகளில், விடிவதற்கு முன்பே, சேலைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டி, கையில் தூக்குவாளியுடன் பெண்கள் நிற்பர். ஜீப் வரும், கணக்கில்லாமல் ஏற்றும், குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மூன்று மலைப்பாதைகளில் ஏதேனும் ஒன்றின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, இடுக்கி மாவட்டத்தின் வண்டன்மேட்டுப் பக்கமோ நெடுங்கண்டம் பக்கமோ உள்ள ஏலத்தோட்டத்தில் இறக்கிவிடும். ஏலச்செடியின் காய் உச்சியில் காய்ப்பதில்லை. தூரை ஒட்டித் தரையோரம் படரும் சரத்தில் காய்ப்பதால், அதை எடுப்பவர் நாள் முழுதும் குனிந்தோ குந்தியோ இருக்க வேண்டும். காய் எடுப்பு மும்முரமாக நடக்கும் மாதங்களும் பள்ளி மும்முரமாக நடக்கும் மாதங்களும் பெரும்பாலும் ஒன்றே. வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குத் தலைவி அவர்கள் வேறொரு மாநிலத்தில் குனிந்துகொண்டிருக்க, கீழே பள்ளியில் ‘தலைவி முன்னிலை வகித்தார்’ என்று தீர்மான ஏட்டில் எழுதப்படுவதற்கான எல்லா வசதியையும் துறையின் கால அட்டவணை செய்து கொடுத்துள்ளது. வர விரும்பினால் ஒரு நாள் கூலியை விட வேண்டும். மக்கள் பங்கேற்புக்குக் கட்டணம் வசூலிக்கும் ஒரே குழு இதுவாக இருக்கலாம்.

அந்த ஜீப் இன்னொரு கணக்கையும் கிளப்புகிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 1 முதல் 5ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கானது. அம்மா இருட்டில் கிளம்பிப் போன வீட்டின் பிள்ளைக்கு அது உப்புமாவோ கிச்சடியோ மட்டுமன்று, அம்மா வீட்டில் இல்லாத குறையின் பாதியை ஈடுகட்டுவது. ஏப்ரலில் ஐந்தாம் வகுப்பை முடித்த பிள்ளை ஜூனில் ஆறாம் வகுப்புக்கு, பெரிய பள்ளிக்கு, வருகிறது. இடைப்பட்ட கோடை விடுமுறையில் காலைப் பசி என்னும் உடலியல் நிகழ்வு அதற்கு நின்றுவிடுவதாகத் திட்டம் கருதுகிறது. ஜீப் புறப்படும் நேரம் மட்டும் மாறுவதில்லை.

நிதி இல்லை என்ற விடை உடனே வரக்கூடும். அதில் உண்மையும் உண்டு. பி.எம். ஸ்ரீ திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததைக் காரணமாக்கி, சமக்ர சிக்ஷா திட்டத்தின்கீழ் 2024–25ஆம் ஆண்டுக்குரிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்ததை ஊரறியும். ஆறாம் வகுப்பின் காலை உணவுக்கு அந்தச் சமாதானம் சிறிது காலம் செல்லுபடியாகும். ஒரு கூட்டத்தின் நேரத்தை மாற்றுவதற்குத் தில்லியிலிருந்து ஒரு காசும் வர வேண்டியதில்லை.

ஆகவே, மேலாண்மைக் குழுக் கூட்டத்தின் நாளையும் நேரத்தையும் அந்தந்த ஊரின் வேலைநேரம் பார்த்துக் குழுவே முடிவு செய்துகொள்ள ஒரு வரி ஆணை பிறப்பிக்குமாறும், காலை உணவை உயர்நிலைப் பள்ளிகளுக்கு நீட்டிக்கும்போது தோட்டத் தொழிலாளர் ஊர்களிலிருந்து தொடங்குமாறும், வெயில் விடுமுறையை முடிவு செய்யும் பொறுப்பை மாவட்டத்திடம் விட்டுவிடுமாறும் துறை கேட்டுக்கொள்ளப்படுகிறது. இதன்மீது விளக்கம் தேவைப்பட்டால், கள ஆய்வுக்கு வரும் அலுவலர் இரவு ஏழு மணிக்கு மேல் வர வேண்டும்; கேட்க வேண்டியவர்கள் அப்போதுதான் மலையிலிருந்து இறங்கியிருப்பர்.