கிளாஸ் எழுதும் ஜாங்கோ: கேள்வி - பதில்

கே: பழைய டேட்டாபேஸ் ஒன்று தலையில் விழுந்திருக்கிறது. டேபிள்கள் நூற்றுக்கு மேல். ஜாங்கோவில் மாடல் கிளாஸ்களைக் கையால் எழுதி மாளுமா?

ப: மாளாது. இன்ஸ்பெக்ட்டிபி கட்டளையை ஓட்டுங்கள், டேபிள்களைப் படித்துத் தானே எழுதித் தரும். தருவது வரைவுதான், திருத்துவது உங்கள் தலையெழுத்து.

கே: வந்ததை அப்படியே மாடல்ஸ் ஃபைலில் போட்டேன். 'நல் பைட்' என்று பைத்தான் அலறுகிறதே?

ப: விண்டோஸ் பவர்ஷெல்லா? ஜோசியமில்லை. அதன் 5.1 பதிப்பு '>' குறியால் திருப்பிவிடுவதையெல்லாம் யூடிஎஃப்-16 ஆக எழுதும். பைத்தான் எதிர்பார்ப்பது யூடிஎஃப்-8. எடிட்டரில் திறந்து மாற்றிச் சேமியுங்கள். அடுத்த முறை வேறு பெயருள்ள ஃபைலுக்கு அனுப்புங்கள். கட்டளை ஓடத் தொடங்கும் முன்பே பழைய ஃபைலை ஷெல் காலி செய்துவிடும். பாஸ்வேர்டு தப்பென்றால் புதியதும் இல்லை, பழையதும் இல்லை!

கே: டேபிளில் இல்லவே இல்லாத 'ஐடி'யை ஏன் தேடுகிறது?

ப: டேபிளில் பிரைமரி கீ இருந்திருக்காது. நீங்கள் எதையும் கீ என்று சொல்லாவிட்டால், ஜாங்கோ 'ஐடி' என ஒன்று இருப்பதாக எடுத்துக்கொள்ளும். ஒரே மதிப்பு இருமுறை வராத ஃபீல்டு ஒன்றைப் பார்த்து பிரைமரி கீயாகக் குறியுங்கள்.

கே: எங்கள் டேபிளில் ஆர்டர் எண்ணும் பொருள் எண்ணும் சேர்ந்துதான் கீ. பிழை எதுவும் வரவில்லையே!

ப: அதுதான் பயம். 2025இல் வந்த 5.2 பதிப்புக்கு முன் ஜாங்கோவுக்குக் கூட்டுக் கீ தெரியாது. இன்ஸ்பெக்ட்டிபி முதல் ஃபீல்டை மட்டும் கீயாக்கிவிட்டு, நடந்ததைப் பக்கத்தில் கமெண்டாக எழுதிவைக்கும். கமெண்டை யார் படிக்கிறார்கள்? பிறகு ஆர்டரில் ஒரு சோப்பை நீக்க டெலீட் கொடுப்பீர்கள். அந்த ஆர்டர் எண்ணுள்ள ரெக்கார்டுகள் அத்தனையும் போய்விடும். 5.2க்கு மாறுங்கள். முடியாதென்றால், இரண்டு எண்ணையும் ஃபில்டரில் கொடுத்து நீக்குங்கள்.

கே: டேபிள்களுக்குள் உறவு இருக்கிறது. கிளாஸில் ஃபாரின் கீயைக் காணோம்.

ப: உறவு உங்கள் மனதில் இருக்கிறது, டேபிளில் இல்லை. மைஎஸ்க்யூஎல்லின் மைஐசாம் டேபிள்கள் ஃபாரின் கீயைப் பதிவதே கிடையாது. கையால்தான் எழுத வேண்டும்.

கே: புது ஃபீல்டு சேர்த்து மைக்ரேட் ஓட்டினால் டேபிள் அசையவில்லை!

ப: கிளாஸுக்குள் மெட்டாவைப் பாருங்கள். 'மேனேஜ்டு' ஃபால்ஸ் என்றிருக்கும். டேபிள் தன் பொறுப்பில்லை என்று ஜாங்கோ கைகழுவியதற்கு அத்தாட்சி அது. பழைய மென்பொருள் ஏதாவது அதே டேபிளை இன்னும் நம்பியிருந்தால் மாற்றாதீர்கள்.

கே: இதெல்லாம் யார் யோசனை?

ப: ஜாங்கோ பிறந்தது அமெரிக்காவின் கன்சாஸில், லாரன்ஸ் நகரச் செய்தித்தாள் அலுவலகத்தில், 2003இல். டெட்லைன் அவசரம் புரிகிறதா?

கே: டேபிள் மாறினால் மறுபடியும் ஓட்டலாமா?

ப: தாராளமாக. மாறிய டேபிளின் பெயரை மட்டும் கட்டளையோடு கொடுத்து, தனி ஃபைலில் வாங்கி, வித்தியாசத்தை மட்டும் எடுத்துச் சேருங்கள். திருத்திய ஃபைலின் மேல் மட்டும் ஓட்டாதீர்கள், ஐயா!