ஒரு பகலில் மதுரை

மதுரையை ஒரே நாளில் பார்த்துவிட வரும் தம்பதியர் பெரும்பாலும் காலையில் மாட்டுத்தாவணியில் இறங்குவர். மனைவி கோயில் என்பார், கணவர் முதலில் இட்லி என்பார். வீட்டில் மதுரையானாலும் பசி வேளையில் சிதம்பரமே வெல்லும். விளைவாக, பகல் 12.30 மணியளவில் சாத்திய நடை மாலை 4 மணிக்குத்தான் திறக்கும் என்ற செய்தி கோபுர வாசலில் கிடைக்கும்.

இடைவெளியை நிரப்பத் திருமலை நாயக்கர் மகால் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டு அரண்மனையில் எஞ்சியது ஒரு பகுதிதான். ஆனால் செல்ஃபிக்கு அது தாராளம். தூண்களில் பெயர் கீறிச் சென்ற முந்தைய ஜோடிகளையும் அங்கே வாசிக்கலாம். பிறகு விளக்குத்தூண் ஜிகர்தண்டா. அதற்கும் பின்னே சுங்குடிச் சேலைக் கடை. இங்கே கணவரின் பணி பை பிடிப்பது.

மாலையில் கோயில். 2018 தீ விபத்தை அடுத்து உள்ளே கைபேசிக்குத் தடை. ஆயிரங்கால் மண்டபத்தில் உண்மையில் 985 தூண்கள். படமெடுக்க வழியில்லாததால் வேறு வழியின்றிச் சிற்பங்களைக் கண்ணாலேயே பார்க்க நேரும். வரிசை நகர நகரக் கணவர் கடைசிப் பேருந்தின் நேரத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார். காந்தி அருங்காட்சியகமும் தெப்பக்குளமும் அடுத்த முறைக்கு.