வெயிலுக்கு முதுகக் காட்டு, தம்பி!

வாங்க, கல்யாணக் கேமராக்காரரே! உன் காடிய விட உன் லென்ஸு விலை கூடவாமே? நல்லா இருக்கட்டும். அத்தனை காசு போட்டவனுக்கு ஒரு கடிகாரம் வாங்கத் தோணலியே, அதுதான் என் வருத்தம்.

மத்தியானம் ஒண்ணே காலுக்கா பொண்ணு மாப்பிள்ளைய ஈப்போ ஸ்டேஷன் வாசல்ல நிறுத்துவே? உச்சி வெயில்னா 12 மணின்னு நெனச்சிட்டே. ஏற்கெனவே சூரியன முந்தி ஓடுன நம்ம கடிகாரத்த 1982ல இன்னும் அரை மணி முன்னுக்குத் தள்ளிட்டாங்க. சூரியன்கிட்ட யாரும் சொல்லல. இங்க அது உச்சிக்கு வர ஒண்ணே காலாயிரும். அப்ப எடுத்தா நெத்தி மினுங்கும், கண்ணு ரெண்டும் குழிக்குள்ள போயிரும். பொண்ணு சிரிச்சுதா அழுதுதான்னு ரெண்டு வீட்டுக்காரங்களும் ஆல்பத்த வச்சுப் பஞ்சாயத்துப் பண்ணுவாங்க.

காலையில எட்டரைக்குப் போ. ஹப்பக்னு ஒரு வெள்ளைக்காரன் வரைஞ்சு, 1917ல கட்டி முடிச்ச ஸ்டேஷன் அது. கிழக்கப் பாத்த வெள்ளைச் சுவரு. ஊரே அதுக்கு முதுகக் காட்டித்தான் படம் எடுக்குது. நீ பொண்ணக் கிட்ட கொண்டுபோய்ச் சுவரப் பாத்து நிறுத்து. வெயில் முதுகுல விழட்டும். சுவத்துல பட்டுத் திரும்புற வெளிச்சம் மூஞ்சியில விழட்டும். “ஸ்டேஷன் எங்கப்பா?”ன்னு மாமியார் கேட்டா, “உங்க மருமக கன்னத்துல இருக்கும்மா”ன்னு சொல்லு.

தோட்டத்துல துரை நேரா வந்து கேட்டா நமக்கு மூஞ்சி சுருங்கும். அதே சேதி கிராணி வழியா வந்தா பல்லு தெரியக் கேட்டுக்குவோம். வெளிச்சமும் அப்படித்தான்.

தாத்தா பால் வெட்டுன எடம்னு கித்தாக் காட்டுக்கும் கூட்டிட்டுப் போவியே! செம்பனைக்காரன் மிச்சம் வச்சது கொஞ்சம்தான். அங்க இலைச் சந்துல வெயில் ஒழுகி, மாப்பிள்ளை மூஞ்சியெல்லாம் புள்ளி விழும். மேகம் மூடுற வரைக்கும் பொறு. அப்ப வானம் முழுக்க ஒரே விளக்கு, வாடகையும் கிடையாது.

மண்டபத்துல ஃபிளாஷ மூஞ்சிக்கு நேரா அடிக்காதே. தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் காலாக் கொறையும். முன்வரிசை மாமா வெளுத்துப் போவாரு, பின்வரிசை சித்திக்கு அமாவாசை. கூரையப் பாத்து அடி. ஆனா மேல ரோஸ் துணி கட்டியிருந்தா நிறுத்திக்க, ஐயரும் ரோஸாயிருவாரு.

நேர் வெயிலு வேணவே வேணாமான்னு கேக்குறியா? என்னைய எடுக்கறப்ப மட்டும் சாயங்கால வெயில்ல, பக்கவாட்டுல நிறுத்தி எடு. ஒவ்வொரு சுருக்கமும் தெரியணும்; ஒண்ணுகூட சும்மா வந்ததில்ல.

கடைசியா ஒண்ணு, தம்பி. வெளிச்சத்தச் சுத்தி வளைச்சு வாங்கு. கூலிய மட்டும் நேரா வாங்கிரு, அதுவும் சாப்பாட்டுப் பந்திக்கு முன்னாடி.